விவாத இழை: தொடக்க காலத் திருமணப் படங்களும் அவற்றின் பின்னணியும்

முதல்_ரோல்:

தொழிலுக்கு வந்த தொடக்க ஆண்டுகளில் எடுத்த திருமணப் படங்களை இப்போது நெகட்டிவிலிருந்து வரிசை மாறாமல் மீண்டும் பார்த்து வருகிறேன். ஆல்பத்திற்குத் தேர்வானவை, அன்று ஒதுக்கப்பட்டவை என்ற பிரிவை விலக்கிவிட்டு, ஒவ்வொரு ரோலையும் முதல் ஃபிரேமிலிருந்து கடைசி ஃபிரேம் வரை ஒரே கவனத்துடன் பார்ப்பதால், அந்த வேலையைப் பற்றி நான் நெடுங்காலம் வைத்திருந்த மதிப்பீடு மாறத் தொடங்கியிருக்கிறது. இத்துறையில் பல ஆண்டுகள் பணிபுரிந்தவர்களின் கருத்தை அறிய விரும்பியே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

அந்தப் படங்களின் இன்றைய மதிப்பில் பெரும்பகுதி அவற்றின் பின்னணியில் இருக்கிறது என்பதே நான் வந்தடைந்திருக்கும் கருத்து. மணமக்களுக்குப் பின்னால் இரண்டாம் வரிசையில் நிற்கும் உறவினர், மேடையின் ஓரத்திலிருந்து யாரையோ கைகாட்டி அழைக்கும் பெரியவர், நாற்காலிகளுக்கு இடையே உட்கார்ந்துகொண்ட குழந்தை, யார் யாருக்கு அருகில் நின்றார்கள் என்ற செய்தி ஆகிய அனைத்தும் அவற்றில் தெளிவாகப் பதிந்திருக்கின்றன. கருவியும் கைத்திறனும் மேம்பட்ட பிறகு நான் எடுத்த படங்களில் இவை மிகக் குறைவு. முகங்கள் நன்றாக வந்திருக்கின்றன; சுற்றி இருந்தவர்களோ வண்ணப் பொட்டுகளாகக் கரைந்துபோயிருக்கிறார்கள்.

ரசனை மாறியதால் மட்டும் இது நேர்ந்துவிடவில்லை. ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன் அளவு) 400 கலர் நெகட்டிவும் கேமராவின் தலையில் ஃபிளாஷும் கொண்டு வேலை செய்த காலத்தில் எஃப் 5.6, எஃப் 8 என்ற லென்ஸ் திறப்பு அளவுகளே (எண் கூடினால் திறப்பு சிறிதாகும், தெளிவாக விழும் தூரம் கூடும்) நமக்கு வழக்கமாக இருந்தன. 35 மி.மீ. லென்ஸை எஃப் 5.6-இல் வைத்து மூன்று மீட்டரில் ஃபோகஸ் செய்தால், ஏறத்தாழ 2.1 மீட்டரிலிருந்து 5 மீட்டர் வரை ஏற்கத்தக்க தெளிவு கிடைக்கும். முழு ஃபிரேம் கேமராவில் 85 மி.மீ. லென்ஸை எஃப் 1.4-இல் திறந்து இரண்டு மீட்டரில் ஃபோகஸ் செய்தால், தெளிவின் ஆழம் ஏறத்தாழ 5 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். முகம் சற்றே திரும்பியிருந்தாலும் ஒரு கண் தெளிவாகவும் மறு கண் மங்கலாகவும் விழும். நிக்கான் டி3 2007-இலும் கேனான் 5டி மார்க் 2 அதற்கடுத்த ஆண்டிலும் வந்தபோது, குறைந்த வெளிச்சத்தில் உயர் ஐஎஸ்ஓவை நம்பி எடுப்பது எளிதாயிற்று. நம்மில் பலர் ஃபிளாஷை எடுத்து வைத்துவிட்டு, லென்ஸை முழுதாகத் திறந்தோம். அதே உயர் ஐஎஸ்ஓவைக் கொண்டு, ஃபிளாஷ் இல்லாமலே எஃப் 5.6-இல் அரங்கு முழுவதையும் எடுத்திருக்க முடியும் என்பதைப் பழைய ரோல்களைப் பார்க்கும்போதுதான் நினைத்துப் பார்க்கிறேன்.

உங்கள் தொடக்க காலப் படங்களை நீங்கள் திரும்பப் பார்க்கும்போது எதை வைத்து மதிப்பிடுகிறீர்கள்?


நிழலளவு:

இழையைத் தொடங்கியவருடைய அக்கறை எனக்குப் புரிகிறது. ஆனால் அவருடைய முடிவை இரண்டு காரணங்களால் என்னால் முழுதாக ஏற்க முடியவில்லை.

முதலாவது ஒளியைப் பற்றியது. ஃபோகஸ் ஐந்து மீட்டர் வரை எட்டியது உண்மைதான். நேராக அடித்த ஃபிளாஷ் அவ்வளவு தூரம் எட்டியதா? தொலைவு இரு மடங்கானால் ஒளி நான்கில் ஒரு பங்காகக் குறையும். மணமக்கள் இரண்டரை மீட்டரில் சரியான ஒளியில் நின்றால், ஐந்து மீட்டரில் நிற்பவர் இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைந்தால் ஒளி பாதியாகும்) குறைவாகவும், பத்து மீட்டரில் இருப்பவர் நான்கு ஸ்டாப் குறைவாகவும் பதிவார். என் பழைய படங்களில் பெரும்பாலானவற்றில் மணமக்களுக்குப் பின்னால் இருப்பது கருமைதான். தெளிவான கருமையை அழகிய மங்கலைவிட மேலானது என்று நான் சொல்ல மாட்டேன்.

இரண்டாவது காரணம் இன்னும் முக்கியமானது. காலம் கடந்துவிட்டால் எந்தப் பின்னணியும் சுவையுடையதாகிவிடும். பழைய நாற்காலி, பழைய உடை, பழைய தலைவாரல், இன்று இல்லாத ஒருவர் என எதைப் பார்த்தாலும் மனம் நெகிழ்கிறது. அந்த நெகிழ்ச்சியைப் படமெடுத்தவரின் திறமைக்கு உரிய மதிப்பெண்ணாகக் கொள்ளக் கூடாது. கண்ணை மூடிக்கொண்டு பொத்தானை அழுத்தியிருந்தாலும் அந்த நாற்காலி பதிந்திருக்கும். தொடக்க காலப் படத்தைப் புதிய கண்ணால் பார்ப்பது என்றால், அந்த நெகிழ்ச்சியைக் கழித்துவிட்டு, ஒளி எங்கிருந்து வந்தது, கணம் சரியானதா, கேமரா நின்ற இடம் சரியானதா என்று பார்ப்பதாகவே இருக்க வேண்டும்.


ஆல்பம்_வேலை:

நான் படம் எடுப்பவன் அல்லன். நெடுங்காலமாக ஆல்பம் வடிவமைத்து வருபவன். என் மேசைக்கு வந்த படங்களை வைத்து ஒன்று சொல்ல விரும்புகிறேன்.

நீங்கள் இருவரும் ஃபிரேமில் என்ன பதிந்தது என்று பேசுகிறீர்கள். ஆனால் குடும்பத்தார் பார்த்தது ஃபிரேமை அன்று, பிரிண்டை. 35 மி.மீ. ஃபிரேமின் விகிதம் 3-க்கு 2. அதை 8-க்கு 10 அங்குலத் தாளில் அச்சிட்டால், முழுப் படத்திற்குத் தேவையான 12 அங்குல நீளத்தில் 2 அங்குலம் வெளியே போய்விடும். அதாவது படத்தில் ஆறில் ஒரு பங்கு. குழுப்படத்தில் ஓரத்தில் நிற்பவர்கள் இப்படித்தான் காணாமல் போனார்கள். பின்னர் கணினி வழியாக வடிவமைத்த ஆல்பங்கள் வந்தபோது மணமக்களை மட்டும் கத்தரித்து எடுத்து, பூக்களோ மேகங்களோ உள்ள வேறொரு பின்னணியில் ஒட்டச் சொன்னார்கள். அந்தப் பக்கங்களில் அரங்கே இல்லை.

எனவே முதல்_ரோல் அவர்கள் நெகட்டிவிலிருந்து பார்ப்பது சரியான வழி என்று கருதுகிறேன். அந்த ஓரங்களை இதுவரை எவரும் பார்த்ததே இல்லாமல் இருக்கலாம்.


இருட்டறை:

நிழலளவு அவர்கள் சொன்ன ஒளிக் கணக்கு சரியானது. ஆனால் நேர் ஃபிளாஷ் மட்டுமே அக்காலத்து வேலை என்று கொள்ள வேண்டியதில்லை. கூரை தாழ்வாகவும் வெளிர்நிறமாகவும் இருந்த இடங்களில் ஃபிளாஷை மேலே திருப்பி அடித்தோம். கூரையே பெரிய விளக்காக மாறி, ஒளி பின்வரிசை வரை பரவியது. ஷட்டரை 1/30 அல்லது 1/15 வினாடிக்குக் குறைத்து, அரங்கில் ஏற்கெனவே இருந்த வெளிச்சத்தையும் ஃபிரேமுக்குள் விட்டவர்களும் உண்டு. அத்தகைய படங்களில் முகத்தில் ஏறத்தாழ 5500 கெல்வின் (ஒளியின் நிற அளவு; எண் குறைந்தால் ஆரஞ்சு கூடும்) ஃபிளாஷ் ஒளியும், பின்னணியில் 3000 கெல்வினுக்கும் தாழ்ந்த பல்பு ஒளியும் விழுந்ததால், பின்னால் இருப்பவர்கள் அனைவரும் ஆரஞ்சு நிறத்தில் தெரிவார்கள். அன்று அதைக் குறையாகக் கருதி, பிரிண்ட் போடும்போது முடிந்தவரை கருமைக்குள் தள்ளினோம். இன்று ஸ்கேன் செய்து பார்த்தால், அந்த ஆரஞ்சுக்குள் அத்தனை முகங்களும் இருக்கின்றன.

நேர் ஃபிளாஷில் கருத்துப்போன பின்னணியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. கலர் நெகட்டிவ் மிகை ஒளியைப் பெருமளவு தாங்கும். குறை ஒளியைத் தாங்காது. போதிய ஒளி படாத இடத்தில் சாயம் உருவாவதே இல்லை என்பதால், எவ்வளவு நல்ல ஸ்கேனராக இருந்தாலும் அங்கிருந்து எடுக்க ஒன்றுமில்லை. இருப்பதும் நாளாக ஆகக் குறைந்துகொண்டே வருகிறது. நெகட்டிவின் சாயங்கள் இருட்டில் வைத்திருந்தாலும் வெப்பத்தாலும் ஈரத்தாலும் மங்குகின்றன. பிவிசி உறைகளில் இருக்கும் நெகட்டிவ்களை உடனே பாலிப்ரொபிலீன் அல்லது பாலியெஸ்டர் உறைகளுக்கு மாற்றுங்கள். திரும்பப் பார்க்கும் எண்ணம் உள்ளவர்கள் ஸ்கேன் வேலையைத் தள்ளிப்போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.


கோப்புக்காவல்:

என் தொடக்க காலம் டிஜிட்டலில் அமைந்ததால் வேறொரு பக்கத்தைச் சொல்ல முடியும்.

கருத்துப்போன பின்னணி ரா கோப்பில் (கேமரா பதிந்ததைச் சுருக்கித் திருத்தாமல் வைக்கும் கோப்பு) இருந்தால் நிலைமை நெகட்டிவைவிட மேலானது. 8 பிட் ஜேபெக்கில் ஒரு நிறத்திற்கு 256 படிகள்தான். 12 பிட் ராவில் 4096, 14 பிட்டில் 16,384. இரண்டு ஸ்டாப் குறைவாகப் பதிந்த பின்வரிசையை ஜேபெக்கில் தூக்கினால் கட்டம் கட்டமாக உடையும்; ராவில் பெரும்பாலும் முகம் அடையாளம் தெரியும் அளவுக்கு மீளும். முதல் பதிப்பு 2007-இல் வந்த லைட்ரூம் என்ற படத் திருத்த மென்பொருளில் பழைய திருத்தங்கள் அந்தக் காலத்துச் செயலாக்க முறையிலேயே தங்கியிருக்கும். நாமாக மாற்றினால்தான் புதிய முறைக்கு வரும். 2012-இல் வந்த செயலாக்க முறை நிழல்களையும் வெளிச்சங்களையும் தனித்தனியாகக் கையாளும் விதத்தையே மாற்றியது. அதே பழைய கோப்பை அந்த முறைக்கு மாற்றிப் பார்த்தபோது, நான் கருமை என்று நினைத்திருந்த இடத்தில் மனிதர்கள் அமர்ந்திருந்தார்கள். 2023-இல் ரா கோப்புகளுக்கென வந்த செயற்கை நுண்ணறிவு இரைச்சல் (படத்தில் விழும் தேவையற்ற புள்ளிகள்) நீக்கமும் இதற்குப் பெரிதும் உதவுகிறது.

ஆனால் ஒரு எல்லையை வலியுறுத்த விரும்புகிறேன். இரைச்சலை நீக்குவது ஒன்று. மங்கிய சிறு முகத்தைப் பெரிதாக்கித் தெளிவாக்கித் தருவதாகச் சொல்லும் கருவிகள் வேறு. பின்வரிசையில் இருக்கும் முகம் சில பத்துப் பிக்சல் அகலமே இருக்கும்போது, அந்தக் கருவி இருப்பதை மீட்பதில்லை. பொருத்தமாகத் தோன்றும் கண்ணையும் மூக்கையும் தானாக வரைகிறது. அது யாருடைய முகமும் அன்று. இந்த இழையின் கருத்துப்படி பின்னணி மனிதர்களால்தான் படத்திற்கு மதிப்பு என்றால், அந்த இடத்தில் பொய்முகத்தை வைப்பதைவிடப் பெரிய சேதம் இருக்க முடியாது. குடும்பத்தார் அதைத் தம் உறவினர் என்றே நம்பிவிடுவார்கள். மங்கலாக இருந்தால் மங்கலாகவே விடுங்கள்.


முதல்_ரோல்:

அனைவருக்கும் நன்றி. நிழலளவு அவர்களின் இரண்டு மறுப்புகளுக்கும் பதில் சொல்ல வேண்டும்.

ஒளியைப் பற்றிய மறுப்பை ஏற்று, என் கருத்தைச் சற்றுச் சுருக்கிக்கொள்கிறேன். நான் இன்று தேர்ந்தெடுத்து வைக்கும் ஃபிரேம்களைத் திரும்பப் பார்த்தால், அவை பெரும்பாலும் இருட்டறை அவர்கள் குறிப்பிட்ட வகையைச் சேர்ந்தவையே: கூரையில் அடித்துத் திருப்பிய ஃபிளாஷ், அல்லது மெதுவான ஷட்டர். அகலமான சட்டகம், நடுத்தர அப்பர்ச்சர் (லென்ஸ் திறப்பு), அரங்கின் சொந்த ஒளி ஆகிய மூன்றும் ஒன்றாக வந்த இடத்தில்தான் பின்னணி வாழ்கிறது.

நெகிழ்ச்சியைப் பற்றிய மறுப்பு ஆழமானது. ஆயினும் அதை ஏற்கத் தயங்குகிறேன். கண்ணை மூடி அழுத்தினாலும் நாற்காலி பதியும் என்பது உண்மை. ஆனால் நாற்காலியையும் மனிதர்களையும் ஒரே கணக்கில் வைக்க முடியாது. ஒரு ஃபிரேமில் மணமகளின் தாயார் மகளைப் பார்க்கிறார். அவருக்குப் பின்னால் நிற்பவர் அந்தத் தாயாரைப் பார்க்கிறார். ஓரத்தில் இருவர் தங்களுக்குள் ஏதோ பேசிக்கொள்கிறார்கள். பார்வைகளின் இந்தத் தொடர் எல்லா ஃபிரேம்களிலும் அமைந்துவிடுவதில்லை. அடுத்தடுத்த ஐந்து ஃபிரேம்களில் ஒன்றில் மட்டும் அமைந்திருக்கிறது. அந்த ஒன்றை அடையாளம் காண்பது மதிப்பீட்டு வேலைதான். அதை ஏக்கம் என்று மட்டும் ஒதுக்கிவிட முடியாது. அன்று அந்த ஐந்தில் எதைத் தேர்ந்தெடுத்தோம்? மணமக்கள் இருவரும் கேமராவைப் பார்த்த ஃபிரேமை. கட்டணம் பெற்றுச் செய்யும் வேலையில் அது நியாயமான தேர்வே. அதனால்தான், தேர்வான படங்களை மீண்டும் திருத்துவதைவிட, முழு ரோலிலிருந்து மீண்டும் தேர்ந்தெடுப்பதே திரும்பப் பார்ப்பதன் முதன்மையான வேலை என்று கருதுகிறேன்.

அமெரிக்கத் தெருப் படக்காரர் கேரி வினோகிராண்ட் தாம் எடுத்த ரோல்களை உடனே கழுவாமல் ஓராண்டு, அதற்கும் மேலாக வைத்திருப்பார் என்பது பலரும் அறிந்தது. எடுத்த நேரத்து உற்சாகம் தேர்வைக் கெடுத்துவிடும் என்று அவர் எண்ணினார். அவர் 1984-இல் இறந்தபோது ஏறத்தாழ 2,500 ரோல்கள் கழுவப்படாமல் இருந்தன. திருமணப் படக்காரருக்கு அந்த வாய்ப்பு இல்லை. சில வாரங்களில் ஆல்பம் கொடுத்தாக வேண்டும். காலம் கடந்த பிறகு நாம் செய்யும் மறுதேர்வு, அன்று நமக்குக் கிடைக்காத அந்த இடைவெளியைப் பயன்படுத்திக்கொள்வதே.


நிழலளவு:

மீண்டும் தேர்ந்தெடுப்பதே முதன்மையான வேலை என்ற இடத்தில் உங்களோடு முழுமையாக உடன்படுகிறேன். பார்வைகளின் தொடரைப் பற்றிச் சொன்னதும் எனக்கு ஏற்புடையது. அது ஒளிப்பட அறிவால் அளக்கக்கூடிய ஒன்று.

வினோகிராண்டின் எடுத்துக்காட்டில் மட்டும் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். அவர் தெருவில் எடுத்தார். படத்தில் இருந்தவர்களுக்கும் அவருக்கும் பின்தொடர்பு இல்லை. உணர்ச்சி ஆறிய கண்ணே அவருக்குத் தேவைப்பட்டது. திருமணப் படத்திற்கு இரண்டு பார்வையாளர்கள் உண்டு. படக்காரரின் கண்ணில் காலம் உணர்ச்சியை ஆற்றுகிறது. குடும்பத்தாரின் கண்ணிலோ அதைக் கூட்டுகிறது. நீங்கள் பார்வைகளின் அமைப்பு என்று ரசித்து அனுப்பும் ஃபிரேம், அங்கே பிரிந்துபோன ஒரு உறவையோ, இறந்துபோன ஒருவரையோ எதிர்பாராமல் முன்னால் கொண்டுவந்து நிறுத்தலாம். ஆகவே மறுதேர்வு செய்தவற்றைக் கேட்காமல் அனுப்ப வேண்டாம். முதலில் ஒரு சொல் கேளுங்கள்.


ஆல்பம்_வேலை:

மேலே சொன்னதை வழிமொழிகிறேன். அத்துடன், பழைய ஆல்பத்திற்கு மாற்றாக என்று சொல்லி எதையும் கொடுக்க வேண்டாம். அந்தக் குடும்பம் அந்த ஆல்பத்தோடு பல ஆண்டுகள் வாழ்ந்திருக்கிறது. அதில் நிறம் மங்கியிருந்தாலும் அவர்கள் நினைவில் அந்த நாள் அந்த நிறத்தில்தான் இருக்கிறது. ஒதுக்கப்பட்ட ஃபிரேம்களைத் தனித் தொகுப்பாகக் கொடுப்பதே நல்லது.

பொதுவெளியில் வெளியிடுவதும் வேறு விஷயம். கட்டணம் பெற்று எடுத்த படத்தின் உரிமை யாருக்கு என்பதில் நாட்டுக்கு நாடு சட்டம் வேறுபடுகிறது. சட்டம் இடம் தந்தாலும், பின்வரிசையில் இருப்பவர்கள் அன்று ஒரு குடும்ப ஆல்பத்துக்காக மட்டுமே கேமராவுக்கு முன் வந்தார்கள் என்பதை மறக்க முடியாது.


புதுக்கேமரா:

நான் இத்தொழிலுக்குப் புதியவன். மூத்தவர்கள் பேசுவதைப் படித்த பிறகு ஒன்றைக் கேட்கத் தோன்றுகிறது. எஃப் 1.4 படங்களைத்தான் வாடிக்கையாளர்கள் கேட்கிறார்கள்; அவற்றைப் பார்த்துத்தான் என்னைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்த வேலையை விடாமலே பின்னணியையும் காப்பாற்ற வழி உண்டா?


இருட்டறை:

உண்டு. உங்கள் விருப்ப லென்ஸை விட்டுவிடச் சொல்லவில்லை. ஒவ்வொரு நிகழ்விலும் அந்த வேலையை முடித்த பின், 28 அல்லது 35 மி.மீ. லென்ஸில் எஃப் 5.6-க்கு மாறிச் சில ஃபிரேம்கள் எடுத்துவிடுங்கள். ஐஎஸ்ஓ 3200, 6400 இன்றைய கேமராக்களுக்குச் சுமையே இல்லை. ஃபோகஸை மணமக்களிடம் வைப்பதைவிட அவர்களுக்குச் சற்றுப் பின்னால் வைத்தால் இரண்டு வரிசைகளும் தெளிவுக்குள் வரும். ஓரங்களில் அகல லென்ஸ் முகங்களை இழுக்கும் என்பதால், மனிதர்கள் சட்டகத்தின் விளிம்பை ஒட்டி நிற்காதபடி ஓரடி பின்வாங்குங்கள். சடங்கு நடக்கும்போது ஒருமுறையாவது மேடைக்கு முதுகைக் காட்டி நின்று, பார்ப்பவர்களை எடுங்கள். மேடையிலேயே கண்ணை வைத்திருக்கும் மணமக்கள் அன்று பார்க்காதது அந்தப் பக்கம்தான்.

தேர்வின்போது இவற்றை நீக்கிவிடாதீர்கள். இதுதான் கடினமான பகுதி.


கோப்புக்காவல்:

நீக்காமல் இருப்பதற்கு ஒரு சிறு ஏற்பாடும் தேவை. தேர்வானவற்றை மட்டும் பாதுகாத்து மற்றவற்றை அழிக்கும் வழக்கம் நம்மிடையே பரவலாக இருக்கிறது. மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சேமிப்பு, ஒன்று வேறிடத்தில் என்ற ஒளிப்படக் கலைஞர் பீட்டர் குரோக்கின் விதியை முழு ராத் தொகுப்புக்கும் பயன்படுத்துங்கள். எழுதி வைத்த சிடி, டிவிடிகளை நம்ப வேண்டாம். அவற்றின் சாயப் படலமும் கெடும். இன்றே திறந்து பார்த்து வன்தட்டுக்கு மாற்றுங்கள்.


முதல்_ரோல்:

நிழலளவு அவர்களின் அறிவுரைப்படி, அனுப்புவதற்கு முன் கேட்டு வருகிறேன். சம்மதித்த குடும்பங்களுக்கு, ஓரம் வெட்டாத முழு ஃபிரேமைச் சற்றுப் பெரிய பிரிண்டாகவும், அதே அளவில் முகங்களுக்கு எண் இட்ட வெளிர் நகல் ஒன்றையும் தரலாம் என்று எண்ணியிருக்கிறேன். எண்களுக்கு நேராகப் பெயரும் உறவும் எழுதித் தந்தால், அவற்றை ஸ்கேன் கோப்பின் ஐபிடிசி (படக் கோப்புக்குள்ளேயே எழுதி வைக்கும் குறிப்பு) விவரப் புலத்தில் சேர்த்துவிடலாம். படம் எங்கே நகலெடுக்கப்பட்டாலும் பெயர்கள் உடன் செல்லும். சில மென்பொருள்களும் இணையச் சேவைகளும் படத்தைச் சுருக்கும்போது அந்த விவரங்களை நீக்கிவிடுகின்றன என்பதால், தனி எழுத்துக் கோப்பாகவும் வைக்க வேண்டியிருக்கும்.

எண்ணிட்ட நகலை முதலில் அந்தக் குடும்பத்தின் மூத்தவரிடம் காட்டச் சொல்கிறேன். மணமக்களுக்கே பின்வரிசையில் பாதிப் பேரைத் தெரியவில்லை என்பதை இதற்குள் இரண்டு குடும்பங்களில் கண்டுவிட்டேன். ஒருவருக்கு இருவர் வெவ்வேறு பெயர் சொன்னால் இரண்டையும் பதிவு செய்வதா, யார் சொன்னார்கள் என்பதையும் சேர்த்து எழுதுவதா என்பதில் எனக்கு இன்னும் தெளிவில்லை. இதைச் செய்து பார்த்தவர்கள் இருந்தால், எப்படிக் குறித்தீர்கள் என்று எழுதுங்கள்.